துடுப்பு யார் கையில்?

(பிள்ளைகளை உயர்த்துவது பெற்றோரின் அரவணைப்பா, பெற்றோர் தரும் சுதந்திரமா என்ற தலைப்பில் தென்காசி மாவட்டம் பண்பொழியில் நடந்த பட்டிமன்றத்தில், 'சுதந்திரமே' என்ற அணியில் பேசியது.)

சாரல் அடிக்குது, எழுந்து போயிரலாம்னு நினைக்காம, துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பண்பொழிப் பெரியோர்களே! தாய்மார்களே!

மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி டீக்கடையில ஒரு பெரியவர்கிட்ட, "ஐயா, இதுதானே பண்பொழி?"ன்னு கேட்டேன். "பண்பொழி போர்டுல இருக்கு. ஊரு பம்புளி"ன்னாரு. (சிரிப்பு) நான் தமிழ் வாத்தியார். சும்மா விடுவேனா? "ஐயா, பைம்பொழில் என்பதுதான் இப்படி மருவியிருக்கு. பைம்பொழில்னா பசுமையான சோலை"ன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "நீங்க படிச்சவுக, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா பஸ்ஸுல ஏறி ஒரு பைம்பொழில்னு டிக்கெட் கேட்டுப் பாருங்க, கண்டக்டர் இறக்கி விட்டுருவான்"ன்னாரு. (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப உருக்கமாப் பேசிட்டாங்க. முன்வரிசையில நாலு தாய்மார்கள் முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. ஒரு தாயாருக்குப் பக்கத்துல இருந்த வீட்டுக்காரரும் துடைச்சாரு. அவர் எதை நெனச்சுத் துடைச்சாருன்னு நான் விசாரிக்கல. (சிரிப்பு) முடிக்கும்போது சகோதரி ஒரு உவமை சொன்னாங்க. பெற்றோர் அரவணைப்பு இல்லாத பிள்ளை, துடுப்பு இல்லாத படகு. எல்லாரும் கைதட்டுனீங்க. நானும் தட்டினேன். நல்ல உவமை. ஆனா எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தத் துடுப்பு யார் கையில் இருக்கணும்? படகுல போறது பிள்ளை. துடுப்பு அப்பா கையில. அப்பா எங்க இருக்காரு? கரையில, சாய்வு நாற்காலியில! படகு நகருமா ஐயா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, துடுப்புப் பேச்சை நான் எடுக்கல. எதிரணியே எடுத்து என் கையில கொடுத்துட்டாங்க. இன்னைக்கு நான் அதைக் கீழே வைக்கப் போறதில்ல.

அதுக்கு முன்னாடி ஊர்ச்சாமியைக் கும்பிட்டுக்கிறேன். அதோ, திருமலை மேல விளக்குத் தெரியுது. அங்கே நிற்கிறானே குமாரசாமி, அவன் எப்படி மலைக்கு வந்தான்? ஒரு பழம். இரண்டு பிள்ளைகள். உலகத்தைச் சுற்றி வரணும். மூத்தவர் கெட்டிக்காரர். அப்பா அம்மாவையே ஒரு சுற்றுச் சுற்றிட்டுப் பழத்தை வாங்கிட்டாரு. இளையவன் மயில் ஏறித் தனியாப் போனான், உலகத்தையே சுற்றினான். திரும்பி வந்து பார்த்தா பழம் இல்ல. கோவிச்சுக்கிட்டு மலையேறிட்டான். சரி, முடிவு என்ன ஆச்சு? அப்பா அம்மாவைச் சுற்றின பிள்ளைக்குப் பழம் கிடைச்சது. தனியா உலகத்தைச் சுற்றின பிள்ளைக்கு மலை கிடைச்சது! (பலத்த கைதட்டல்) அந்த மலைக்குக் கல்லேற்றி மண்டபம் கண்ட சிவகாமிப் பரதேசி அம்மையாரைப் பற்றி உங்க ஊர்ல உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்ல. எந்த அப்பா கைபிடிச்சு அந்த அம்மாவை ஏற்றி விட்டாரு?

இப்போ துடுப்புக்கு வர்றேன். கடலே கண்ணுக்கெட்டாத ஊர்ல உட்கார்ந்து கடலைப் பற்றிப் பேசப் போறேன். கொஞ்சம் பொறுத்துக்கணும். மேற்கே பார்த்தா மலை, கிழக்கே பார்த்தா வயல். நம்ம ஊருக்குத் தண்ணின்னா குளம், அருவி, அடவிநயினார் அணை. அவ்வளவுதான். கடல் பார்க்கணும்னா பஸ் ஏறணும்.

பெங்களூரில் பிறந்த பொண்ணு ஒருத்தங்க. பேரு அனன்யா பிரசாத். இங்கிலாந்துல வாழுறவங்க. 2024 டிசம்பர் மாதம், ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான லா கொமேரா என்ற தீவிலிருந்து ஒரு துடுப்புப் படகுல புறப்பட்டாங்க. மோட்டார் கிடையாது. பாய் கிடையாது. கூட ஒரு ஆள் கிடையாது. போய்ச் சேர வேண்டிய ஊர் ஆன்டிகுவா. ஆன்டிகுவான்னா யாருக்கும் தெரியாது. விவியன் ரிச்சர்ட்ஸ் ஊருன்னு சொன்னா இங்கே இருக்கிற அத்தனை பெரியவர்களுக்கும் தெரியும். (சிரிப்பு) நடுவுல இருக்கிறது அட்லாண்டிக் பெருங்கடல். 3,000 மைல். கிலோமீட்டர்ல 4,800. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போயும் தூரம் தீராது, இன்னும் போகணும்.

52 நாள். 52 நாள்ல அந்தப் பெண் கரை சேர்ந்தாங்க. நம்ம வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குச் சராசரியா 90 கிலோமீட்டர். இங்கேயிருந்து திருநெல்வேலி போயிட்டு, கிட்டத்தட்ட பாதி வழி திரும்பி வர்ற தூரம். தினமும். கையால. 'பின்னாலயிருந்து காற்றுத் தள்ளுமே'ன்னு எதிரணித் தம்பி முணுமுணுக்கிறாரு. ஆமா தம்பி, தள்ளும். அந்தப் பக்கம் கிழக்கேயிருந்து மேற்கே வீசுற வியாபாரக் காற்று உண்டு. கொலம்பஸே 1492-ல் அதே கொமேராவிலிருந்து அந்தக் காற்றை நம்பித்தான் போனாரு. ஆனா அவருக்கு மூணு கப்பல், கூட ஒரு பட்டாளம். இந்தப் பொண்ணுக்கு இரண்டு கை.

இந்த அனன்யா யாருன்னு தெரியுமா? கன்னடத்துப் பெரும் கவிஞர், ராஷ்டிரகவி ஜி.எஸ். சிவருத்ரப்பா அவர்களின் பேத்தி. அவர் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்துல கன்னடப் பேராசிரியர். பேராசிரியர் வீட்டுப் பேத்தி கடல்ல இறங்குதுன்னு படிச்சதும் எனக்கு ஒரே பெருமை. உடனே ஒரு நடுக்கமும் வந்துருச்சு. ஏன்னா நாங்க, இந்தப் பேராசிரியர் சாதி இருக்கே, கடலைப் பற்றி ரெண்டு மணி நேரம் பேசுவோம். கால் நனைக்க மாட்டோம். (சிரிப்பு)

அந்தப் படகு எப்படி இருக்கும்? இருபது, இருபத்துநாலு அடி நீளம். நம்ம மினி பஸ் நீளம்தான். ஒரு முனையில ஒரு ஆள் முடங்கிப் படுக்கிற அளவுக்கு ஓர் அறை. பீரோவைப் படுக்கப் போட்டு அதுக்குள்ள நுழைஞ்ச மாதிரி. நடுவுல முன்னும் பின்னும் நகர்ற இருக்கை. அதுல உட்கார்ந்துதான் வலிக்கணும். மேலே சூரிய ஒளித் தகடு. அதுல வர்ற மின்சாரத்துல கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற கருவி ஓடும். அறைக் கதவை இறுக்கி மூடியிருந்தா, அலையில கவிழ்ந்தாலும் படகு தானே நிமிர்ந்துக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி. உள்ளே இருக்கிற ஆள் பொம்மை இல்லையே! சுவரு கூரையாகி, கூரை தரையாகி, திரும்பச் சுவராகும்போது எலும்பு என்ன ஆகும்? அதனால உடம்போட ஒரு கயிறு கட்டிக்கணும். மறுமுனை படகுல. அந்தக் கயிறு அறுந்தா, படகு தன் பாட்டுக்குப் போயிரும், ஆள் தண்ணியில நிற்கணும்.

உள்ளங்கை பூரா கொப்புளம். உப்பும் வியர்வையும் சேர்ந்து உட்கார்ற இடமெல்லாம் புண். தூக்கம் தவணை முறையில. பேச ஆள் இல்ல. இதுல நடுக்கடலில் அனன்யாவோட படகுல சுக்கான் உடைஞ்சு போச்சு. சுக்கான்னா திசை திருப்புறது. அது இல்லேன்னா அலை எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம். மெக்கானிக்கைக் கூப்பிட முடியுமா? அப்பாவைக் கூப்பிட முடியுமா? அவங்களேதான் சரி செய்தாங்க. சரி செய்துட்டு மறுபடி உட்கார்ந்து வலிச்சாங்க.

வெள்ளையர் அல்லாத பெண்களில் அட்லாண்டிக்கைத் தனியாகத் துடுப்பு வலித்துக் கடந்த முதல் ஆள் இவங்கதான்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாலேயே 2007-ல் பாவிக் காந்தின்னு ஓர் இந்தியர் அதே கடலைத் தனியா வலிச்சுக் கடந்திருக்கார், 106 நாள்ல. நாம யாராவது அவர் பேரைக் கேட்டிருக்கோமா? கிரிக்கெட்டில் பூஜ்யம் எடுத்தவன் பேரெல்லாம் நமக்குத் தெரியும். (சிரிப்பு) அனன்யா தன் பயணத்துல திரட்டின பணத்தை இரண்டு இடத்துக்குக் கொடுத்தாங்க. ஒண்ணு இங்கிலாந்துல மனநலத்துக்கான அறக்கட்டளை. இன்னொண்ணு எங்கே? இதோ, நம்ம சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினா வருதே சாமராஜநகர், அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கிற தீனபந்து அறக்கட்டளை. தனியாப் போன பொண்ணு, யாரும் இல்லாத பிள்ளைகளுக்காகப் போயிருக்கு.

சரி, இதுல சுதந்திரம் எங்கே வந்தது, அரவணைப்பு எங்கே வந்ததுன்னு நடுவர் கேட்பார். சொல்றேன். அந்தப் போட்டிக்கு ஒரு சட்டம் இருக்கு. அதைப் படிச்சப்போ பெற்றோருக்காகவே யாரோ எழுதின மாதிரி இருந்தது. புறப்படறதுக்கு முன்னால எல்லாத்தையும் சோதிப்பாங்க. கடல்ல உயிர் பிழைக்கிற பயிற்சி எடுத்தாச்சா? திசை பார்க்கத் தெரியுமா? ரேடியோவில பேசத் தெரியுமா? சாப்பாடு போதுமா? உயிர்காப்புப் படகு இருக்கா? ஆபத்துன்னா செய்தி அனுப்புற கருவி வேலை செய்யுதா? படகையே பிரிச்சுப் போட்டுப் பார்ப்பாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் கடல்ல இறங்க முடியாது. அவ்வளவும் கரையில. கயிற்றை அவிழ்த்த பிறகு? செயற்கைக்கோள் போன்ல வீட்டோட பேசலாம். அழலாம், சிரிக்கலாம், அம்மா என்ன குழம்பு வெச்சேன்னு கேட்கலாம். ஆனா வெளியாள் யாரும் ஒரு பாட்டில் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தா, 'துணையின்றி' என்ற சொல் போயிரும்.

பேசலாம், துடுப்பைத் தொடக்கூடாது. (கைதட்டல்)

நாம என்ன செய்றோம்? தலைகீழ். கரையில இருக்கிறப்போ ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல. பொம்பளப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு, சைக்கிள் எதுக்கு, பேங்க்ல சலான் எழுத எதுக்குத் தெரியணும், நான் இருக்கேன்ல! பிறகு கடல்ல இறங்கினதும் கூடவே நீந்தணும்னு துடிக்கிறோம். தென்காசி ஸ்டேஷன்ல சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் வர்றப்போ போய்ப் பாருங்க. ஒரு பொண்ணு முதல் வேலைக்குச் சென்னை போகுது. வழியனுப்ப பதினோரு பேரு. (சிரிப்பு) ஜன்னல் வழியா இட்லிப் பொட்டலம் போகுது, முறுக்கு டப்பா போகுது. ரயில் கிளம்பி பத்து நிமிஷத்துல அப்பா போன் போடுறாரு. "கடையநல்லூர் வந்துருச்சாம்மா?" வந்துருச்சுப்பா. மறுபடி, "சங்கரன்கோவில் வந்துருச்சா?" வந்துருச்சுப்பா. "ராஜபாளையம்?" அந்தப் பொண்ணு பொறுத்துப் பார்த்துட்டு, "அப்பா, பேசாம டிரைவர் நம்பர் வாங்கித் தரட்டுமா?"ன்னு கேட்டுச்சாம். (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். அந்த அப்பா வேற யாருமில்ல, நான்தான். அதைப் பிறகு சொல்றேன்.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டாரு. கேலியா பதில் சொல்ல முடியாத கேள்வி. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் போயிட்டானே, இதுதான் நீங்க சொல்ற சுதந்திரமான்னு கேட்டாரு. ஐயா, அந்த வீட்டு வாசல்ல நின்னு என்னால எந்த அணியிலயும் பேச முடியாது. அது அவங்க கவனக்குறைவும் இல்ல, அந்தப் பிள்ளையோட தப்பும் இல்ல. அதை என் வாதத்துக்கும் எடுத்துக்க மாட்டேன், தம்பி வாதத்துக்கும் விட்டுத்தர மாட்டேன்.

கடல் எல்லாரையும் திருப்பி அனுப்பும்னு நான் பொய் சொல்லல. பீட்டர் பேர்டுன்னு ஓர் ஆங்கிலேயர். பசிபிக் பெருங்கடலை முதன்முதலாத் தனியா வலிச்சுக் கடந்தவர். 1982-ல் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு 294 நாள் கழிச்சு 1983-ல் ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்துல போய்ச் சேர்ந்தாரு. பதிமூணு வருஷம் கழிச்சு, 1996-ல், மறுபடி பசிபிக்ல இறங்கினாரு, இந்தத் தடவை ருஷ்யப் பக்கமிருந்து. படகு கிடைச்சது. ஆள் கிடைக்கல.

நம்ம ஆளு ஒருத்தரையும் சொல்லணும். உங்க சாமி பேரையே வெச்சவரு. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் பிறந்த ஆனந்தன். 1971-ல் பாக் நீரிணையை நீந்தினாரு. வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வந்து, திரும்ப அங்கேயே நீந்திப் போய்ச் சேர்ந்தாரு. 51 மணி நேரம்! படகு இல்ல, துடுப்பு இல்ல, இரண்டு கையே துடுப்பு. 'ஆழிக்குமரன்'னு ஊர் பேரு வெச்சுது. 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போன இடத்துல உயிர் போச்சு. அவரைப் பெற்ற வயிறு எப்படித் துடிச்சிருக்கும்? எனக்குத் தெரியும் நடுவர் அவர்களே. சுதந்திரம் கொடுக்கிறதுன்னா அந்தத் துடிப்பையும் சேர்த்து வாங்கிக்கிறதுதான். இலவசமாக் கொடுக்க அது பொங்கல் பரிசு இல்ல.

ஆனா ஒண்ணு கேக்கிறேன். நம்ம தூத்துக்குடி, மணப்பாடு, உவரிப் பக்கம் கட்டுமரத்துல விடியறதுக்கு முன்னாடி ஒத்தை ஆளாப் போயிட்டு வந்தாங்களே தலைமுறை தலைமுறையா, அவங்க அம்மாக்கள் கரையில நிற்கலையா? அவங்களுக்குச் செயற்கைக்கோள் போன் இருந்துச்சா? சாதனைக்குப் போனா பேப்பர்ல பேரு வரும். பிழைப்புக்குப் போனவன் பேரை யாரும் எழுதல. இது என் தனிப்பட்ட வருத்தம், தலைப்புக்குச் சம்பந்தமில்ல, நடுவர் மணி அடிக்க வேண்டாம். (சிரிப்பு)

கூட நிற்கிறதுன்னா எப்படி நிற்கணும்னு ஒருத்தர் காட்டினாரு. அமெரிக்காவில் டோரி மர்டன்னு ஒரு பெண். 1998-ல் அட்லாண்டிக்ல இறங்கினாங்க. டேனியல்னு ஒரு சூறாவளி. படகு புரட்டிப் புரட்டி எடுத்து, அடிபட்டு, கப்பல் வந்து மீட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. நம்ம வீடா இருந்தா என்ன சொல்வோம்? "உசிரோட வந்தியே, போதும் தாயி. இனி அந்தப் பேச்சே எடுக்காத." அந்தப் பெண் அப்போ வேலை பார்த்தது யாரிடம் தெரியுமா? குத்துச்சண்டை முகமது அலி! அலி அவங்ககிட்ட, கிட்டத்தட்ட அட்லாண்டிக்கைக் கடந்த பெண்ணுன்னு பேரெடுக்கவா ஆசைன்னு கேட்டாராம். போதும்! 1999-ல் மறுபடி போனாங்க. 81 நாள்ல குவாதலூப் தீவுல கரையேறினாங்க. தனியாத் துடுப்பு வலிச்சு ஒரு பெருங்கடலைக் கடந்த முதல் பெண் அவங்கதான். ஆண்கள்ல இதை முதல்ல செஞ்சவரு ஜான் ஃபேர்ஃபேக்ஸ், 1969-ல், 180 நாள். அவரு ஃபுளோரிடாவுல கரையேறினது ஜூலை 19. மறுநாள் மனுஷன் நிலாவுல இறங்கிட்டான்! அதனால உலகம் அவரைக் கவனிக்கல. ஆனா அந்த நிலாவுக்குப் போனவங்களே அவருக்குப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினாங்க. தனியாப் போனவன் அருமை தூரமாப் போனவனுக்குத்தானே தெரியும்! (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி இப்போ எழுதி வெச்சுக்கிறாங்க: "இதெல்லாம் வெள்ளைக்காரங்க கதை." இல்லம்மா. பக்கத்துல, புதுச்சேரி. லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் அவங்களும், இரண்டே பேர், 'தாரிணி'ங்கிற கடற்படைப் பாய்மரப் படகுல உலகத்தைச் சுற்றிட்டு வந்துட்டாங்க. 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி 2025 மே 29-ல் திரும்பி வந்தாங்க. துடுப்பு இல்ல, பாய்மரம். ஒருத்தர் இல்ல, இரண்டு பேர். ஆனா அழகிரிசாமிங்கிற பேரு நம்ம பேருதானே? அந்தப் பேருல ஒரு அப்பா கையெழுத்துப் போட்டிருப்பாரு இல்லையா, என்னைக்கோ ஒருநாள், ஏதோ ஒரு தாளுல?

கையெழுத்துன்னு சொன்னேன். அதுக்குத்தான் வர்றேன். இன்னும் எத்தனை நிமிஷம் நடுவர் அவர்களே? மூணா? போதும்.

துடுப்புப் படகுல ஒரு விசேஷம் உண்டு. இந்தப் பெருங்கடல் படகுகள்ல வலிக்கிறவங்க போற திசையைப் பார்த்து உட்கார மாட்டாங்க. முதுகு அந்தப் பக்கம். முகம் இந்தப் பக்கம். அதாவது போய்ச் சேர வேண்டிய கரை அவங்க கண்ணுக்குத் தெரியாது. விட்டுட்டு வந்த கரைதான் தெரியும். புறப்படுற அன்னைக்குக் கரையில நிற்கிற அம்மா, அப்பா, அண்ணன், தம்பி எல்லாரையும் பார்த்துக்கிட்டேதான் வலிக்கணும். ஒவ்வொரு வலிப்புக்கும் அவங்க முகம் சின்னதாகும். நாம நெனைக்கிறோம், பிள்ளை நம்மை விட்டு முதுகைக் காட்டிட்டுப் போகுதுன்னு. இல்ல. கண்ணுக்கு மறையற வரைக்கும் அது நம்மளைப் பார்த்துக்கிட்டேதான் போகுது.

(அமைதி)

இந்த விஷயம் எனக்குத் தெரியாது. முனைவர் பட்டம் வாங்கியிருக்கேன், தெரியாது. எனக்குச் சொன்னது என் மக.

அவ கல்லூரியில இரண்டாம் வருஷம் படிக்கும்போது என்.சி.சி.யில கடற்படைப் பிரிவு. பத்து நாள் முகாம், கடல்ல துடுப்புப் படகும் பாய்மரப் படகும் பழக்குவாங்க, தேர்வாகியிருக்கேன்னு ஒரு தாளைக் கொண்டாந்து கொடுத்தா. பெற்றோர் சம்மதக் கடிதம். கீழே கையெழுத்து. நான் வாங்கி மேசை இழுப்பறையில வெச்சேன். "பார்க்கலாம்மா"ன்னேன். நாலு நாள் கழிச்சுக் கேட்டா. "பார்க்கலாம்மா." பட்டிமன்றம், பட்டிமன்றம்னு ஊர் ஊராப் போயி பெண் விடுதலை பேசிட்டிருந்த காலம் அது. (சிரிப்பு) சிரிக்காதீங்க, நெஜம். மதுரையில ஒரு மேடையில கைதட்டல் வாங்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மறுநாள்தான் கடைசித் தேதி. எனக்குத் தெரியும். எனக்கு நல்லாவே தெரியும். தூங்கிட்டேன்.

அவ மூணாவது தடவை கேட்கல. சண்டை போடல, அழல. என் மனைவிதான் சொன்னா: "வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அவ உங்களோட சண்டையாவது போட்டிருப்பா."

இப்போ மகளுக்கு ஒரு மக, நாலு வயசு. போன வருஷம் லீவுக்கு வந்திருந்தப்போ, போன்ல இந்தப் பெங்களூர்ப் பொண்ணு கரையேறுற படத்தை எனக்குக் காட்டினா. நான் சும்மா இருக்காம, "ஏம்மா, இவங்க ஏன் பின்னால பார்த்து உட்கார்ந்திருக்காங்க?"ன்னு கேட்டேன். "அப்படித்தாம்ப்பா உட்காரணும். எங்களுக்கு என்.சி.சி.யில முதல் வகுப்புலயே சொல்லிக் கொடுத்தாங்க. தரையில பலகையைப் போட்டு உட்கார வெச்சு, வெறும் கையால வலிக்கப் பழகினோம்"னா. தரையில பழகியிருக்கா. தண்ணியில பழகத்தான் அந்தத் தாளு. இதைச் சொல்லிட்டு, பேத்திக்குத் தலை வாரப் போயிட்டா. குரல்ல ஒரு மாற்றமும் இல்ல.

அந்தத் தாளு இன்னும் இழுப்பறையிலதான் இருக்கு. கிழிச்சுப் போடவும் மனசு வரல.

பேத்தியை நீச்சல் வகுப்புல சேர்த்துட்டாளாம். போன வாரம் போன்ல சொன்னா. அதுக்கும் ஒரு படிவம் உண்டாம், கையெழுத்துப் போடணுமாம். நான் அவசர அவசரமா, "கொண்டா, நான் போடுறேன்"ன்னேன். "தாத்தா கையெழுத்துச் செல்லாதுப்பா"ன்னு சொல்லிட்டா. (சிரிப்பு, கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே. உட்கார்ந்துக்கிறேன்.